பாஸ்போர்ட் சிப்பைப் பக்கத்தில் நிற்பவர் படித்துவிட முடியுமா?

கேட்கப்பட்ட கேள்வி இதுதான்: புதிய இ-பாஸ்போர்ட்டின் அட்டைக்குள் சிப் வைத்திருக்கிறார்கள். அதைத் தொடாமலேயே படிக்கலாம் என்கிறார்கள். அப்படியானால் பேருந்திலோ விமான நிலையத்திலோ பக்கத்தில் நிற்பவர் என் விவரங்களை எடுத்துக்கொள்ள முடியுமா? சிப்பை நகல் எடுத்து என் பெயரில் வேறொருவர் பயணம் செய்ய முடியுமா? கடைகளில் விற்கும் தடுப்பு உறை வாங்க வேண்டுமா? பழைய பாஸ்போர்ட் இருப்பவர்கள் இப்போதே மாற்ற வேண்டுமா?

முதலில் பதிலைச் சொல்லிவிடுகிறேன். பைக்குள் மூடிக் கிடக்கும் பாஸ்போர்ட்டிலிருந்து உங்கள் பெயரையும் படத்தையும் முன்பின் தெரியாத ஒருவர் எடுப்பது நடைமுறையில் மிகக் கடினம். ஆனால் அதனால் இந்தச் சிப்பில் ஆபத்தே இல்லை என்று நினைத்துவிடாதீர்கள். ஆபத்து பெரும்பாலும் வேறு இடங்களில் இருக்கிறது. உங்கள் பாஸ்போர்ட்டின் நகல் யார் யாரிடம் போய்ச் சேருகிறது என்பது ஒன்று. சிப்பில் இருக்கும் டிஜிட்டல் கையொப்பத்தை, அதாவது விவரங்கள் அரசு போட்டவைதான் என்று காட்டும் கணித முத்திரையை, எல்லையில் இருக்கும் இயந்திரம் உண்மையிலேயே சரிபார்க்கிறதா என்பது இன்னொன்று. இருபது ஆண்டுகளாக ஆய்வாளர்கள் கண்டுபிடித்த பெரிய ஓட்டைகளைப் பார்த்தால், அதிகம் இந்த இரண்டு பக்கமும்தான் வந்து விழுகின்றன.

இந்தியாவில் இ-பாஸ்போர்ட் சோதனை முறையில் ஏப்ரல் 1, 2024 அன்று தொடங்கியது. சென்னை மண்டல அலுவலகம் மார்ச் 3, 2025 முதல் வழங்க ஆரம்பித்தது. அந்த மாதம் 22-ஆம் தேதிக்குள் தமிழ்நாட்டில் 20,729 பேருக்குக் கொடுத்திருந்தார்கள். முன் அட்டையில் தலைப்புக்குக் கீழே பொன்னிறத்தில் ஒரு சிறு சின்னம் இருந்தால் உங்களுடையது சிப் வைத்தது. உலக அளவில் இது பழைய சங்கதி. மலேசியா 1998-லேயே சிப் பாஸ்போர்ட் கொடுத்துவிட்டது. ஐ.நா.வின் விமானப் போக்குவரத்து அமைப்பான ஐசிஏஓ வகுத்த 9303 என்ற ஆவணத்தைப் பின்பற்றி இன்று நூற்றுக்கும் மேற்பட்ட நாடுகள் கொடுக்கின்றன. ஆக, நாம் பயப்பட வேண்டியவை எவை, வேண்டாதவை எவை என்பதை மற்ற நாடுகளின் அனுபவத்திலிருந்தே தெரிந்துகொள்ளலாம்.

சரி, தூரத்திலிருந்து ஆரம்பிப்போம். இந்தச் சிப்பில் பேட்டரி கிடையாது. சிப்பைப் படிக்கும் கருவியான ரீடர் 13.56 மெகாஹெர்ட்ஸ் அலைவரிசையில் ஒரு மின்காந்தப் புலத்தை உண்டாக்குகிறது. சிப்பைச் சுற்றியுள்ள மெல்லிய ஆன்டெனா அதிலிருந்து மின்சாரத்தை எடுத்துக்கொண்டு பதில் பேசுகிறது. வடிவமைப்புப்படி இதன் எல்லை சுமார் 10 சென்டிமீட்டர். கைபேசியில் படித்துப் பார்த்தவர்களுக்குத் தெரியும், அட்டையின் மேலேயே கைபேசியை வைத்து ஆடாமல் அசையாமல் பிடித்தால்தான் வேலை நடக்கும். டெல் அவிவ் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2006-ல் இதே வகைச் சிப்புகளைச் சுமார் 25 சென்டிமீட்டரிலிருந்து படிக்கும் கருவியைக் குறைந்த செலவில் செய்து காட்டினார்கள். அதற்கு மேல் போகப் போகத் தேவைப்படும் ஆன்டெனாவும் மின்சக்தியும் வெகு வேகமாக வளர்ந்துவிடும். பத்து மீட்டர் தள்ளி நிற்கும் ஆள் உங்கள் சட்டைப்பையில் உள்ள சிப்பை எழுப்பிப் பேசவைக்க முடியாது.

ஒட்டுக்கேட்பது வேறு. ஒரு ரீடர் ஏற்கெனவே சிப்போடு பேசிக்கொண்டிருக்கும்போது, மூன்றாவது ஆள் அந்த உரையாடலை மட்டும் பதிவுசெய்வது. சிப்புக்கு மின்சாரம் கொடுக்கும் வேலை அவருக்கு இல்லை, அதனால் நல்ல கருவி இருந்தால் சில மீட்டர் தூரத்திலிருந்துகூடக் கேட்கலாம். இந்த வித்தியாசத்தை மனதில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் தேவைப்படும்.

அடுத்து பூட்டு. சிப் தன்னிடம் வந்து கேட்பவருக்கெல்லாம் விவரம் சொல்வதில்லை. பழைய முறைக்கு பிஏசி என்று பெயர். பாஸ்போர்ட்டில் உங்கள் படம் உள்ள பக்கத்தின் அடியில், இடையிடையே அம்புக்குறிகள் நிரப்பிய இரண்டு வரிகள் அச்சாகியிருக்குமே, அதில் உள்ள பாஸ்போர்ட் எண், பிறந்த தேதி, காலாவதித் தேதி ஆகிய மூன்றையும் சேர்த்து ஒரு சாவி உருவாக்கப்படுகிறது. ரீடர் முதலில் அந்த வரிகளைக் கண்ணால் பார்ப்பதுபோல ஸ்கேன் செய்து, சாவியைக் கணக்கிட்டு, அதைச் சிப்புக்கு நிரூபித்த பிறகே சிப் வாயைத் திறக்கும். பாஸ்போர்ட்டைக் கையில் வாங்கித் திறந்து பார்த்தவர்தான் சிப்பையும் படிக்கலாம் என்பது இதன் நோக்கம்.

இந்தப் பூட்டே முதலில் கட்டாயமாக இருக்கவில்லை. அமெரிக்க வெளியுறவுத் துறை, பூட்டு எதுவும் இல்லாத சிப்பை வைக்கத்தான் திட்டமிட்டிருந்தது. 2005-ல் பொதுமக்களிடம் கருத்துக் கேட்டபோது 2,335 பதில்கள் வந்தன, அவற்றில் 98.5 விழுக்காடு எதிர்ப்பு. அதன் பிறகே பிஏசியையும், அட்டை மூடியிருக்கும்போது அலையைத் தடுக்கும் உலோக இழையையும் சேர்த்தார்கள். சாதாரண மக்கள் எழுதிய கடிதங்கள் ஒரு பெரிய அரசின் தொழில்நுட்ப முடிவை மாற்றின. நமக்கும் இது நினைவில் இருக்க வேண்டும் என்று நான் விரும்புகிறேன்.

பிஏசியின் பலவீனம் அதன் கணிதத்தில் இல்லை. சாவி எதிலிருந்து பிறக்கிறது என்பதில் இருக்கிறது. பிறந்த தேதி ஊகிக்கக்கூடியது. காலாவதித் தேதி பத்து ஆண்டுகளுக்குள் ஏதோ ஒரு நாள். பாஸ்போர்ட் எண் வரிசைக்கிரமமாக வழங்கப்பட்டால், காலாவதித் தேதி தெரிந்தவுடன் எண்ணும் கிட்டத்தட்டத் தெரிந்துவிடும். நெதர்லாந்தில் இதுதான் நடந்தது. ரிஸ்க்யூர் என்ற நிறுவனத்தின் மார்க் விட்டெமான் 2005-ல் இதைக் கணக்கிட்டுக் காட்டினார்: டச்சு பாஸ்போர்ட்டின் சாவிக்கு நிஜத்தில் சுமார் 35 பிட் வலுதான் மிஞ்சுகிறது, அதாவது இரண்டை 35 முறை பெருக்கினால் வரும் அளவு சாத்தியங்களே. ஓர் உரையாடலை ஒட்டுக்கேட்டுப் பதிவுசெய்துவிட்டால், சாதாரணக் கணினியில் சுமார் இரண்டு மணி நேரத்தில் சாவியைக் கண்டுபிடித்து, படம் உட்பட எல்லாவற்றையும் திறந்துவிடலாம்.

இங்கிலாந்தில் 2007-ல் ஒரு நாளிதழுக்காக ஆடம் லோரி என்ற ஆய்வாளர் செய்துகாட்டியது இன்னும் கவலை தருவது. புதிய பாஸ்போர்ட் தபாலில் ஒட்டிய உறைக்குள் வருகிறது. உறையைத் திறக்காமலேயே, பெறுபவரின் பிறந்த தேதியைத் தெரிந்துகொண்டு, மீதியை ஊகித்து, சில மணி நேரத்தில் சிப்பைப் படித்துவிட்டார். எத்தனை முறை தவறான சாவியைக் கொடுத்தாலும் அந்தச் சிப் தன்னைப் பூட்டிக்கொள்ளவில்லை. ஏடிஎம் அட்டையில் மூன்று தடவை தப்பாகப் போட்டால் முடங்கிவிடும்; பாஸ்போர்ட்டில் அப்படி வைக்க முடியாது, வைத்தால் எவரும் உங்கள் பாஸ்போர்ட்டைச் செயலிழக்கச் செய்துவிடலாம். இந்த இக்கட்டிலிருந்து வெளியே வரச் சுலபமான வழி எதுவும் இல்லை.

நம்முடைய எண்ணை வைத்துக் கணக்குப் போட்டுப் பார்ப்போம். இந்தியப் பாஸ்போர்ட் எண் ஓர் எழுத்தும் ஏழு இலக்கங்களும் கொண்டது. மொத்தம் 26 கோடி சாத்தியங்கள். உங்கள் பிறந்த தேதியையும் காலாவதித் தேதியையும் எண்ணின் முதல் எழுத்தையும் ஒருவர் அறிந்திருந்தால், முயன்று பார்க்க வேண்டியவை ஒரு கோடி. பிஏசி மட்டுமே உள்ள ஒரு சிப்பின் அருகில் நின்றுகொண்டு, முயற்சிக்கு அரை நொடி என்று வைத்தால், கிட்டத்தட்ட 58 நாட்கள் ஆகும். பேருந்தில் உங்கள் அருகில் நிற்பவரால் ஆகிற காரியமா இது? ஆனால் ஒட்டுக்கேட்ட ஒரு பதிவு கையில் இருந்தால் அதே ஒரு கோடிச் சாவிகளையும் ஒரு கணினி தன் மேசையில் உட்கார்ந்தபடி சில நிமிடங்களில் சோதித்துவிடும். பாஸ்போர்ட் எண்ணை எப்படி ஒதுக்குகிறார்கள் என்பது அலுவலக வசதிக்கான சங்கதியாகத் தோன்றினாலும், பாதுகாப்பின் ஒரு பகுதியாகிவிடுவது இதனால்தான்.

இந்தக் குறையைத் தீர்க்கத்தான் பேஸ் என்ற புதிய முறை வந்தது. ஜெர்மனியின் தகவல் பாதுகாப்பு அலுவலகம் உருவாக்கியது; 2010 நவம்பரில் வந்த ஜெர்மன் அடையாள அட்டையிலேயே பயன்பாட்டுக்கு வந்தது. அட்டையின் முகப்பில் அச்சிட்ட வெறும் ஆறு இலக்க எண்ணே கடவுச்சொல். ஆனாலும் உரையாடலை முழுதாகப் பதிவுசெய்தவர்கூட அந்த ஆறு இலக்கத்தை வீட்டில் போய்க் கணக்கிட முடியாது. ஒவ்வொரு ஊகத்தையும் சிப்பிடமே நேரில் போய்க் கேட்டுத்தான் ஆக வேண்டும். ஒட்டுக்கேட்பு ஆபத்தை இது ஏறத்தாழ முடித்துவைத்தது. சிக்கல் என்னவென்றால், பாஸ்போர்ட்டின் ஆயுள் பத்து ஆண்டு, எல்லைச் சாவடி ரீடர்களின் ஆயுள் அதையும் தாண்டியது. பழைய ரீடருக்காகப் புதிய சிப்பும் பழைய பூட்டைச் சேர்த்தே சுமக்கிறது. அப்படி இரண்டும் இருக்கும்போது தாக்குபவர் பலவீனமான பக்கத்தையே தட்டுவார்.

இப்போது நான் முதலில் சொன்ன நகல் விவகாரம். சாவியின் மூன்று பகுதிகளும் அந்தப் பக்கத்திலேயே அச்சாகியிருக்கின்றன. அந்தப் பக்கத்தை நாம் என்ன செய்கிறோம்? டிக்கெட் போட டிராவல் ஏஜென்ட்டுக்கு வாட்ஸ்அப்பில் அனுப்புகிறோம். வெளியூர் விடுதியில் நகல் எடுக்கக் கொடுக்கிறோம். சிம் கார்டு கடை, விசா ஏற்பாடு செய்பவர், வேலை வாங்கித் தருவதாகச் சொல்லும் முகவர் என்று போய்க்கொண்டே இருக்கிறது. வளைகுடாவுக்கோ மலேசியாவுக்கோ வேலைக்குப் போகிறவர்களின் பாஸ்போர்ட் நகல் எத்தனை கைகளில் இருக்கும் என்பதை எண்ணிச் சொல்லவே முடியாது. நகல் வைத்திருப்பவருக்குச் சிப்பின் சாவி கணக்குப் போடாமலேயே கிடைத்துவிடுகிறது. உண்மையைச் சொன்னால், உங்கள் பெயரில் மோசடி செய்ய நினைப்பவருக்கு அந்த நகலே போதும், சிப் வரைக்கும் போக வேண்டிய அவசியமே வராது. தடுப்பு உறைக்குக் காசு செலவு செய்துவிட்டு, படம் உள்ள பக்கத்தைப் பத்து வாட்ஸ்அப் எண்களுக்கு அனுப்புவது வாசலைப் பூட்டிவிட்டுக் கொல்லைக் கதவைத் திறந்து போடுவது போன்றது.

சிப்புக்கே உரிய ஆபத்து ஒன்று உண்டு. அதைப் பலர் பேசுவதில்லை: விவரங்களைத் திறக்காமலேயே ஆளைப் பின்தொடர்வது. வானொலிச் சிப் ஒவ்வொன்றும் பேச ஆரம்பிக்கும்போது ஓர் எண்ணைச் சொல்லும். அது மாறாத எண்ணாக இருந்தால் அதை வைத்தே ஆளை அடையாளம் காணலாம். அதனால் நல்ல பாஸ்போர்ட்கள் ஒவ்வொரு முறையும் புதிய எண்ணைச் சொல்கின்றன. ஆனால் பர்மிங்ஹாம் பல்கலைக்கழகத்தின் டாம் சோத்தியாவும் விட்டாலி ஸ்மிர்னோவும் 2010-ல் வேறொரு வழியைக் கண்டார்கள். ஒருவருடைய பாஸ்போர்ட் ஏதோ ஒரு ரீடரோடு பேசியபோது பதிவான ஒரு செய்தியை, பின்னொரு நாள் பலருடைய பாஸ்போர்ட்களுக்கும் திரும்ப அனுப்பிப் பார்ப்பது. எல்லாச் சிப்பும் மறுக்கும். ஆனால் அந்தச் செய்திக்கு உரிய சிப் மட்டும் கொஞ்சம் வேறு மாதிரி மறுக்கும். பிரெஞ்சு பாஸ்போர்ட்டில் பிழைச் செய்தியே வேறாக இருந்தது. மற்ற நாடுகளில் மறுப்பு வரும் நேரம் மிக லேசாகத் தாமதமாயிற்று. உரிய சிப், செய்தியின் முத்திரை சரியாக இருப்பதைப் பார்த்துவிட்டு அடுத்த படிவரை போய்த் திரும்புகிறது அல்லவா, அந்தத் தாமதம். குறிப்பிட்ட ஓர் ஆள் ஒரு கதவைக் கடக்கிறாரா என்று தெரிந்துகொள்ள இது போதும்.

அதற்கு இரண்டு ஆண்டு முன்பே நெதர்லாந்தின் ராட்பவுட் பல்கலைக்கழகத்தில் பத்து நாடுகளின் பாஸ்போர்ட்களுக்குத் தாறுமாறான கட்டளைகளை அனுப்பிப் பார்த்தார்கள். வரும் பிழைப் பதில்களின் தோரணையை வைத்தே எந்த நாட்டுப் பாஸ்போர்ட் என்று சொல்ல முடிந்தது. சாவி எதுவும் தேவைப்படவில்லை. ஒரு நாட்டினரை மட்டும் குறிவைக்க நினைப்பவருக்கு இது எவ்வளவு வசதி என்று யோசியுங்கள். ஃபிளெக்ஸிலிஸ் என்ற நிறுவனம் 2006-ல் இதையே ஒரு காட்சியாக எடுத்துக் காட்டியது: அமெரிக்கப் பாஸ்போர்ட் சுமந்த பொம்மை அருகில் வந்ததும் குப்பைத் தொட்டியில் இருந்த வெடி வெடிக்கிறது. மிகைப்படுத்திய காட்சி என்றாலும், மூடிய அட்டை ஓர் அங்குலத்துக்கும் குறைவாகத் திறந்துகொண்டாலே தடுப்பு வேலை செய்யாது என்று அவர்கள் காட்டியது நியாயமான எச்சரிக்கை.

எல்லா அடையாள அட்டையும் ஒரே வகைச் சிப்பு என்றும் நினைத்துவிடக் கூடாது. அமெரிக்கா 2008-ல் கொடுக்க ஆரம்பித்த பாஸ்போர்ட் கார்டு, தரைவழியாகக் கனடா, மெக்சிகோ எல்லையைக் கடப்பவர்களுக்கானது. காரில் உட்கார்ந்தபடியே படிக்கப்பட வேண்டும் என்பதற்காக, கடைச் சரக்குகளில் ஒட்டும் வகை நெடுந்தூரச் சிப்பை அதில் வைத்தார்கள். அதில் ஓர் எண் மட்டுமே இருக்கிறது. ஆனால் பூட்டு இல்லை, பல மீட்டரிலிருந்து படிக்கலாம். 2009-ல் ஓர் ஆய்வாளர் மலிவாகச் சேர்த்த கருவியைக் காரில் வைத்து சான்ஃபிரான்சிஸ்கோ தெருக்களில் ஓட்டியே இரண்டு கார்டுகளின் எண்களைப் பிடித்துவிட்டார். வரிசை சீக்கிரம் நகர வேண்டும் என்பதற்காக ரகசியத்தை விட்டுக்கொடுத்த வடிவமைப்பு அது. என் பார்வையில், அடையாள அட்டையில் செய்யவே கூடாத தேர்வு.

நம் ஊரில் ஒரு குழப்பமும் இருக்கிறது. ஆதார் பிவிசி அட்டையில் சிப் கிடையாது. அதில் இருப்பது டிஜிட்டல் கையொப்பமிட்ட க்யூஆர் கோடு. அதற்குத் தடுப்பு உறை வாங்கச் சொன்னால் நம்பாதீர்கள்.

இனி நகல் எடுத்துப் பயணம் செய்யும் கேள்வி. இதுதான் விரிவாகச் சொல்ல வேண்டியது. சிப்பில் உள்ள தகவல்கள் தனித்தனிக் கோப்புகளாக இருக்கின்றன: அந்த இரண்டு வரிகள் ஒன்று, முகப்படம் ஒன்று, சில நாடுகளில் கைரேகை ஒன்று. ஒவ்வொரு கோப்பிலிருந்தும் கணக்கிடப்படும் சுருக்கக் குறியீட்டை ஒரு பட்டியலில் போட்டு, அந்தப் பட்டியலில் பாஸ்போர்ட் கொடுக்கும் அரசு டிஜிட்டல் கையொப்பம் இடுகிறது. படத்தில் ஒரு புள்ளியை மாற்றினாலும் கையொப்பம் பொருந்தாது. திருத்துவதை இது தடுக்கிறது. அப்படியே முழுதாகப் படியெடுப்பதை இது தடுக்காது, ஏனென்றால் கையொப்பமும் சேர்ந்தே நகலாகிவிடும். ஜெர்மனியின் லூகாஸ் குருன்வால்ட் 2006-ல் தன் பாஸ்போர்ட் சிப்பை வெற்றுச் சிப்பில் நகலெடுத்துக் காட்டினார். அதில் இருப்பது அவருடைய முகமேதான், ஆகவே அவரைப் போலவே இருக்கும் ஒருவருக்குத்தான் அந்த நகல் உதவும். முகத்தை மாற்ற வேண்டுமானால் கையொப்பத்தை உடைக்க வேண்டும்.

அல்லது கையொப்பத்தை யாரும் பார்க்காத இடத்துக்குப் போக வேண்டும். ஆம்ஸ்டர்டாம் ஆய்வாளர் யெரூன் ஃபான் பேக் 2008-ல் இதைச் செய்தார். பாடகர் எல்விஸ் பிரெஸ்லியின் முகத்தை வைத்து ஒரு சிப் தயாரித்து, தானே உருவாக்கிய சான்றிதழால் (கையொப்பமிட்டவர் யார் என்று சொல்லும் டிஜிட்டல் ஆவணம்) கையொப்பமிட்டு, ஸ்கிபோல் விமான நிலையத்தின் சுய சேவை இயந்திரத்தில் வைத்தார். இயந்திரம் அதைப் படித்துத் திரையில் எல்விஸைக் காட்டியது. கையொப்பம் கணிதப்படி சரியாக இருந்தது. கையொப்பமிட்டது உண்மையில் ஓர் அரசுதானா என்பதை இயந்திரம் கேட்கவில்லை. அதைக் கேட்க வேண்டுமானால் ஒவ்வொரு நாட்டின் மூலச் சான்றிதழும் நம்பகமான வழியில் கையில் இருக்க வேண்டும். அதற்காக ஐசிஏஓ, நாடுகளின் சான்றிதழ்களைச் சேர்த்து வைக்கும் ஒரு பொதுத் திறவுகோல் கிடங்கை நடத்துகிறது. பல நாடுகள் சிப் பாஸ்போர்ட் கொடுக்கத் தொடங்கிப் பல ஆண்டுகள் கழித்தே அதில் சேர்ந்தன.

ஃபான் பேக் இன்னொன்றும் காட்டினார். நகலெடுப்பைத் தடுக்கச் சில சிப்புகளுக்குள் வெளியே எடுக்க முடியாத ரகசியச் சாவி ஒன்று உண்டு. ரீடர் ஒரு சவால் கொடுக்க, சிப் அந்தச் சாவியால் பதில் சொல்லும். நகலில் அந்தச் சாவி இருக்காது, மாட்டிக்கொள்ளும். ஆனால் இந்த வசதி இருக்கிறதா என்று ரீடர் தெரிந்துகொள்வது சிப்பின் பொருளடக்கக் கோப்பிலிருந்து. அந்தக் கோப்புக்குக் கையொப்பம் இல்லை. நகலில் அந்த ஒரு வரியை நீக்கிவிட்டால், இது பழைய வகைச் சிப் என்று ரீடர் முடிவுசெய்து சவாலே கொடுக்காமல் விட்டுவிடும். கையொப்பமிட்ட பட்டியலோடு ஒப்பிட்டுப் பார்த்தால் உடனே தெரிந்துவிடும். ஒப்பிட வேண்டும், அவ்வளவுதான்.

ஒப்பிடுகிறார்களா? அமெரிக்கா 2006 முதல் பொதுமக்களுக்குச் சிப் பாஸ்போர்ட் கொடுக்கிறது. விசா இல்லாமல் வர விரும்பும் நாடுகளையும் சிப் வைக்கச் சொல்லிக் கட்டாயப்படுத்தியது. கையொப்பங்களை முழுதாகச் சரிபார்க்கும் ஏற்பாடு எல்லையில் இல்லை என்று அந்நாட்டுத் தணிக்கை அலுவலகம் 2010 ஜனவரியில் அறிக்கை கொடுத்தது. எட்டு ஆண்டுகள் கழித்து, 2018 பிப்ரவரியில், செனட்டர்கள் ரான் வைடனும் கிளேர் மெக்காஸ்கிலும் எல்லைக் காவல் துறைக்குக் கடிதம் எழுதினார்கள்: சிப்பைப் படிக்கும் கருவிகள் இருக்கின்றன, கையொப்பத்தைச் சரிபார்க்கும் மென்பொருள் இன்னும் இல்லை என்று. அதாவது அத்தனை ஆண்டுகளும் உலகம் முழுவதையும் சிப் வைக்கச் சொன்ன நாடே, அந்தச் சிப்பில் உள்ளதை மாற்றியிருக்கிறார்களா என்று பார்க்கும் நிலையில் இருக்கவில்லை. எனக்கு இதுதான் மிகவும் கோபம் தரும் பகுதி. சரிபார்க்காத சிப், அச்சிட்ட பக்கத்தைவிட ஆபத்தானது. ஏனென்றால் அதிகாரி திரையில் வருவதைத் தன் கண்ணைவிட அதிகமாக நம்பிவிடுகிறார்.

சிப் வேலை செய்யவில்லை என்றால் என்ன ஆகும் என்பதும் இதோடு சேர்ந்த கேள்வி. ஐசிஏஓ விதிப்படி சிப் செத்துப்போன பாஸ்போர்ட்டும் செல்லுபடியாகும். பயணிகளின் நலனுக்காக அப்படித்தான் இருக்க வேண்டும், மடங்கியும் நனைந்தும் கெட்டுப்போகும் பொருள் அது. ஆனால் போலி ஆவணம் செய்பவரும் அதைத் தெரிந்துவைத்திருக்கிறார். சிப்பைக் கெடுத்துவிட்டால் பரிசோதனை பழைய காலத்துக்கே, காகிதத்தைக் கண்ணால் பார்ப்பதற்கே, திரும்பிவிடுகிறது. இதனால் காகிதத்தின் நீர்க்குறியும் நுண் அச்சும் இன்றும் முக்கியம்தான்.

ரீடர் பக்கமும் பலவீனம் உண்டு. குருன்வால்ட் 2007-ல் முகப்படக் கோப்பை வேண்டுமென்றே சிதைத்து வைத்த சிப்பைக் காட்டினார். அதைப் படித்த ரீடர்கள் முடங்கின. படத்தைத் திறக்கும் மென்பொருளில் இருந்த பிழைதான் காரணம். முன்பின் தெரியாத ஒருவர் கொடுக்கும் தரவை அரசுக் கணினி திறக்கிறது என்ற எண்ணமே இல்லாமல் அந்த மென்பொருளை எழுதியிருக்கிறார்கள்.

கைரேகை பற்றிக் கவலைப்படுகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. ஐரோப்பிய ஒன்றியப் பாஸ்போர்ட்களில் 2009 ஜூன் முதல் இரண்டு விரல்களின் ரேகை கட்டாயம். அதற்குத் தனிப் பூட்டு: பாஸ்போர்ட் கொடுத்த நாட்டின் அனுமதிச் சான்றிதழ் தன்னிடம் இருப்பதை ரீடர் நிரூபித்தால்தான் சிப் ரேகையைத் தரும். நல்ல ஏற்பாடு. இதிலும் ஒரு நெருடல் இருக்கிறது. அந்தச் சான்றிதழ்கள் குறுகிய காலத்தில் காலாவதியாகும்; ஆனால் சிப்பில் கடிகாரம் இல்லை. கடைசியாகத் தான் பார்த்த சான்றிதழில் இருந்த தேதியைத்தான் அது இன்றைய தேதி என்று எண்ணிக்கொண்டிருக்கும். இரண்டு ஆண்டுகளாக எந்த எல்லையையும் கடக்காத பாஸ்போர்ட், இரண்டு ஆண்டுக்கு முன் திருடுபோன ரீடரின் சான்றிதழையும் செல்லும் என்றே ஏற்றுக்கொள்ளும். அதிகம் பயணம் செய்யாதவர்களின் ரேகைக்குத்தான் பாதுகாப்பு குறைவு.

சிப் எவ்வளவு ஒழுங்காக வேலை செய்தாலும், உள்ளே போட்டது சரியா என்று அது சொல்லாது. இரண்டு பேருடைய முகங்களைக் கணினியில் கலந்து ஒரே படமாக்கினால், இருவரோடும் பொருந்தும் என்று முகம் ஒப்பிடும் இயந்திரங்கள் சொல்லிவிடுகின்றன. 2018-ல் ஜெர்மனியில் ஒரு செயற்பாட்டாளர் குழு இப்படிக் கலந்த படத்தைக் கொடுத்து உண்மையான பாஸ்போர்ட்டே வாங்கியது. அரசின் உண்மையான கையொப்பம், உண்மையான சிப், உள்ளே இரண்டு ஆள். ஜெர்மனி 2025 மே முதல் வீட்டிலிருந்து கொண்டுவரும் காகிதப் படத்தை ஏற்பதில்லை. நம் பாஸ்போர்ட் சேவா மையங்களில் அங்கேயே உட்காரவைத்துப் படம் எடுக்கிறார்கள். இந்த ஒரு விஷயத்தில் நம் நடைமுறை நல்லது.

வயதும் ஓர் ஆபத்து. பத்து ஆண்டு செல்லும் ஆவணத்துக்குள் வைத்த சிப்பைத் தொலைவிலிருந்து புதுப்பிப்பது சுலபமில்லை. 2017-ல் செக் நாட்டு மசாரிக் பல்கலைக்கழக ஆய்வாளர்கள், இன்ஃபினியான் நிறுவனச் சிப்புகளில் ரகசியச் சாவி உருவாக்கும் நிரலில் பிழை இருப்பதைக் கண்டார்கள்; எவரும் பார்க்கக்கூடிய பொதுச் சாவியை வைத்தே ரகசியச் சாவியைக் கணக்கிட்டுவிடலாம். எஸ்டோனியாவில் சுமார் 7.5 லட்சம் அடையாள அட்டைகள் இதில் மாட்டின. அவை தொட்டுப் படிக்கும் வகை அட்டைகள்தான், ஆனால் பாடம் எல்லாச் சிப்புக்கும் பொது. அந்நாட்டு அரசு நவம்பர் 3, 2017 அன்று அந்த அட்டைகளின் சான்றிதழ்களை நிறுத்திவைத்து, மக்களைப் புதுப்பிக்கச் சொன்னது. பிரச்சினையை வெளிப்படையாக ஒப்புக்கொண்டு, வழியும் செய்துகொடுத்த அந்த முறையைப் பாராட்ட வேண்டும். லட்சக்கணக்கில் அச்சிடும் எந்த அரசும் இப்படியொரு நாளுக்கான திட்டத்தை முன்கூட்டியே வைத்திருக்க வேண்டும்.

சரி, நீங்கள் என்ன செய்யலாம்? தடுப்பு உறை தீங்கில்லை. பின்தொடர்வதைத் தடுக்க அது உண்மையிலேயே உதவும். பத்திரிகையாளர், வழக்கறிஞர், அரசியல் காரணங்களால் கண்காணிக்கப்படுபவர் என்றால் வாங்குங்கள். மற்றவர்கள் வாங்காவிட்டாலும் பெரிதாக ஒன்றும் ஆகிவிடாது. அதைவிட, நகல் கேட்பவரிடம் எதற்கு என்று கேளுங்கள். வெறும் அடையாளத்துக்கு என்றால் அடியில் உள்ள இரண்டு வரிகளையும், அதே பக்கத்தில் மேலே அச்சான பாஸ்போர்ட் எண்ணையும் காலாவதித் தேதியையும் தாளால் மறைத்து நகலெடுங்கள், எந்த நோக்கத்துக்கு, என்ன தேதியில் கொடுத்தது என்று நகலின் மேலேயே குறுக்காக எழுதிவிடுங்கள். புதுப் பாஸ்போர்ட் வந்த சந்தோஷத்தில் படம் உள்ள பக்கத்தை ஃபேஸ்புக்கில் போடாதீர்கள். அவசியமாக வாட்ஸ்அப்பில் அனுப்பினால் வேலை முடிந்ததும் நீங்களும் அழித்து, அவரையும் அழிக்கச் சொல்லுங்கள்.

கைபேசிச் செயலிகளில் கூடுதல் கவனம் வேண்டும். என்எஃப்சி (அருகில் வைத்துப் படிக்கும் வசதி) உள்ள ஆண்ட்ராய்டு கைபேசிகளும், 2019-க்குப் பிறகு ஐஃபோன்களும் பாஸ்போர்ட் சிப்பைப் படிக்கும். பிரிட்டன் அரசே ஐரோப்பியக் குடிமக்களின் வசிப்புரிமை விண்ணப்பத்துக்கு இப்படி ஒரு செயலியைப் பயன்படுத்தியது. வங்கிகளும் பணம் அனுப்பும் நிறுவனங்களும் கேட்கத் தொடங்கியிருக்கின்றன. ஒரு செயலி சிப்பைப் படித்துவிட்டால், தெளிவான முகப்படமும் அதற்கான அரசின் கையொப்பமும் அதனிடம் போய்விடுகின்றன. அந்தக் கையொப்பம் காலாவதியானாலும், இந்த விவரங்கள் அசல் என்று யாரிடம் வேண்டுமானாலும் காட்டி நிரூபிக்க உதவிக்கொண்டே இருக்கும். காகித நகலைப் போலி என்று மறுக்கலாம், இதை மறுக்க முடியாது. அதனால் என் பாஸ்போர்ட்டில் என்ன இருக்கிறது பார்ப்போமே என்று முகம் தெரியாத நிறுவனத்தின் செயலியை இறக்கிச் சோதிக்காதீர்கள். அரசோ, உங்களுக்குக் கணக்குள்ள வங்கியோ கேட்டால், அதுவும் வேறு வழி இல்லாதபோது மட்டும் கொடுங்கள்.

அட்டையை மடக்காதீர்கள், ஸ்டேப்லர் பின் அடிக்காதீர்கள், பின்பாக்கெட்டில் வைத்து உட்காராதீர்கள், ஆன்டெனா அறுந்துவிடும். கடைசிக் கேள்விக்கு: பழைய பாஸ்போர்ட்டை இதற்காக மாற்ற வேண்டியதில்லை. அதில் அச்சிட்டுள்ள காலாவதித் தேதி வரை அது செல்லும், புதுப்பிக்கப் போகும்போது சிப் வைத்தது தானாகவே வரும்.